பித்தளையின் சுருதி

மூன்று பாட்டுகளையும் மேசைமேல் பரப்பி, காற்றாடிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கார்னெட்டின் ஊதுவாயைத் தூக்கி வைத்துவிட்டு, இன்னாசிமுத்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு கிளாரினெட் முன்னால் நின்று வாசிக்கும், பின்னால் முழுப் பாண்டும் அதற்கு அணைவாக வாசிக்கும், அந்த மாதிரிப் பாட்டு. அஞ்சு மணிக்குள் பேரைச் சொல்லிவிட்டால் அச்சகத்துச் சேர்மக்கனி நிகழ்ச்சி நிரலை ஓட்டிவிடுவான். இப்போது மணி மூணேகால். இதில் என்ன இருக்கிறது யோசிக்க? சப்பரத்துக்கு முன்னால் வாசித்திருக்கிறார், கல்யாணத்துக்கு, செத்த வீட்டுக்கு, கட்சிக்காரன் ஊர்வலத்துக்கு, கடை திறப்புக்கு வாசித்திருக்கிறார். நடந்துகொண்டே வாசிக்கிற பாண்டை எவனும் நின்று கேட்கிறதில்லை. சத்தம் இருந்தால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் முறையாக, பங்குக் கோயிலின் புது மண்டபத்தில், பாண்ட் நாற்காலி போட்டு உட்காரப்போகிறது, எதிரே நாற்காலி போட்டு ஜனம் உட்கார்ந்து கேட்கப்போகிறது. ஃபாதர் ஜெரால்டு சின்ன வயசு, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், அவருடைய ஆசை. "மாஸ்டர், ஒரு கிளாரினெட் சோலோ வைங்க. பாண்ட் பின்னால வரட்டும். கேக்கவே எப்படி இருக்கும் தெரியுமா?" என்றார். தெரியும் ஃபாதர். எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாகத் தெரியும்.

இடது பக்கம் கிடந்தது அணில் போல்கா. மேலே ஓடி, கீழே விழுந்து, வாலைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஓடுகிற பாட்டு. ரீகனுக்கென்றே எழுதின மாதிரி. முதல் கிளாரினெட் ரீகன், இருபத்தேழு வயசு, விரல் தீப்பெட்டிக் குச்சி மாதிரி பற்றிக்கொள்ளும், கைதட்டல் நிச்சயம். நடுவில் கிடந்தது ஒரு மெதுவான பாட்டு, சாயங்காலப் புல்வெளி என்று அர்த்தம் வருகிற ஏதோ ஒரு பேர், எட்டு எட்டாக நீண்ட சுரங்கள், மூச்சு இருந்தால் போதும், மூன்றாம் கிளாரினெட்காரன்கூட வாசித்துவிடலாம். மூன்றாம் கிளாரினெட்காரன்கூட. அந்தச் சொல்லில் வந்து கால் தடுக்கியது அவருக்கு. வலது பக்கம் கிடந்ததை அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். பழுப்பேறிய தாள், ஓரத்தில் கரையான் அரித்த பிறைநிலா, மேலே ஊதா முத்திரை, பஞ்சாலையின் முத்திரை. படகுத்துறை மணி வேரியேஷன்ஸ். ஒரே மெட்டு, அதையே அஞ்சு விதமாக உருமாற்றிக்கொண்டே போகும். நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவில் பாண்ட் மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். கிளாரினெட் மட்டும் தனியாக, யாருமில்லாத கரையில் ஒருத்தன் நடக்கிற மாதிரி, ஏறி ஏறிப் போய் ஒரு உச்சியில் நின்று இழுக்கும். இழுத்துக்கொண்டே இருக்கும்போது அடியில் பாண்ட் மெல்ல உள்ளே வரும். அந்த இடம். அந்த ஒரே இடம். இன்னாசிமுத்து எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். தண்ணீர் பித்தளை பாலிஷ் வாசமடித்தது. இந்த அறையில் எல்லாமே அந்த வாசம்தான். சுவரில் ஆணிக்கு ஆணி யூஃபோனியமும் ட்ராம்போனும் தொங்க, அடுத்த சுவரில் சிவப்புக் கோட்டுகள் வரிசையாக ஆளில்லாமல் நின்றன. முப்பத்திரண்டு கோட்டும் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. என்னல பாக்குறீங்க என்று கேட்கவேண்டும் போலக் கோபம் வந்தது. கோட்டிடம் கோபித்து என்ன செய்ய?

கோபம்தான் அவரைத் தூக்கிவிட்டது, கோபமும் வாயும். உப்பளத்தில் மண்வெட்டி பிடித்த கை. அப்பன் செத்த அன்றைக்கு வாசிக்க ஒரு பாண்ட் வரமாட்டேன் என்றது, கூலி குறைச்சல் என்று. அந்தக் கோபத்தில்தான் ஒரு ஓட்டை டிரம்மோடு ஆரம்பித்தார். எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. கத்தரிக்காய் முதல் கார்னெட் வரை. விற்கிறவன் முகத்தைப் பார்ப்பார், அவன் எந்த இடத்தில் கண்ணைத் தாழ்த்துகிறான் என்று பார்ப்பார், அங்கே அடிப்பார். அப்படித்தான் மூடிப்போன பஞ்சாலையின் பாண்ட் சாமான்களை அடித்துப் பிடித்தார். வெள்ளைக்காரன் காலத்தில் மில்லுக்கென்று ஒரு பாண்ட் இருந்தது, மேலதிகாரி வந்தால் வாசிக்க. பதினாலு பித்தளை வாத்தியம், சீமையில் செய்தது, ஒவ்வொன்றும் கையில் எடுத்தால் குழந்தை கனம். ஸ்டோர் ரூமில் அரை இருட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஸ்டோர்க்காரர் மூக்குக்கண்ணாடி போட்ட பெரிய மனிதர், பொறுமைசாலி. இன்னாசிமுத்து ரெண்டு மணிநேரம் பேசினார், மூன்று தரம் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். கடைசியில் படிந்தது. "அந்தப் பழைய பாட்டுக் காகிதக் கட்டு சும்மாதான கெடக்கு, அதையும் சேத்துக் குடுத்துருங்க" என்று வாங்கினார். அதில்தான் இந்த வேரியேஷன்ஸ் இருந்தது. அப்புறம் ஸ்டோர்க்காரர் குனிந்து, அடித்தட்டிலிருந்து ஒரு மரப்பொட்டியை இழுத்து, மூடியைத் திறந்தார். உள்ளே பச்சைத் துணி. பச்சைத் துணியில் குழி குழியாக, ஒவ்வொரு குழியிலும் வளைந்த ஒரு பித்தளைக் குழாய். "இது அதோட சேர்ந்தது தம்பி. இதுவும் கணக்குல உண்டு" என்றார். இன்னாசிமுத்து சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போதும் தன் வாயில் உணர முடிந்தது, மேல் உதடு ஒரு பக்கம் ஏறும். "ஓட்டைக் குழாயெல்லாம் என் தலையில கட்டாதீங்க அய்யா. அந்தப் பொட்டியக் கழிச்சுட்டுச் சொல்லுங்க." அவர் கழித்துவிட்டுச் சொன்னார். வண்டியில் சாமான் ஏற்றும்போது, ஜெயித்த சந்தோஷத்தில் இன்னாசிமுத்து தானே யூஃபோனியத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். ஸ்டோர்க்காரர் பொட்டியின் மூடியைச் சாத்தினார். சாத்தின சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. டப் என்று சின்னச் சத்தம்.

போன் அடித்தது. சேர்மக்கனி. "அண்ணாச்சி, மத்ததெல்லாம் கோத்தாச்சு. சோலோ வரி மட்டும் காலியா நிக்கி." "அஞ்சு மணின்னு சொன்னேன்லா." "சொன்னீய. இருந்தாலும் ஞாபகப்படுத்துனேன்." "ஞாபகமெல்லாம் எனக்கு நல்லாத்தான் இருக்கு, நீ வையி." வைத்தான். ஞாபகம் நல்லாத்தான் இருக்கிறது. அதுதானே சீக்கு. மறந்துபோகிறவனுக்கு மன்னிப்பு ஒரு செலவே இல்லை. மேசை இழுப்பறையை இழுத்தார், எதற்கு இழுத்தோம் என்று தெரியாத மாதிரி. உள்ளே ரசீதுக் கட்டு, தலைவலித் தைலம், அறுந்த ஜெபமாலை, அதற்கடியில் செய்தித்தாளில் சுற்றின விரல்நீளச் சாமான். தொடாமலே இழுப்பறையை மூடினார். டப்.

தனிஸ்லாஸ் அப்போது முதல் கிளாரினெட். உப்பளத்தில் கூடவே மண்வெட்டி பிடித்தவன், பாண்ட் ஆரம்பித்தபோது கூட வந்த முதல் ஆள். இன்னாசி என்று கூப்பிடுவான், வா போ என்று பேசுவான். துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பல்காரனிடம் கருப்பு மரத்துக் கிளாரினெட் ஒன்று வாங்கி வைத்திருந்தான். அதைத் துடைக்கிற துணியை அவன் பெண்டாட்டி தனியாகத் துவைத்துக் காயப்போடுவாள். மில் பித்தளை வந்து இறங்கின முதல் வாரத்திலேயே முகத்தைச் சுளித்தான். "இன்னாசி, எனக்கும் பித்தளைக்கும் ஒட்டல. பித்தளை மேல நிக்கி." இன்னாசிமுத்து வாத்தியங்களைப் பார்த்தார். பதினாலும் ஒன்றோடொன்று அச்சடித்த மாதிரி ஒத்துப்போயின. ஒட்டாதது ஒன்றுதான்; மற்றக் கிளாரினெட்டெல்லாம் கற்றுக்குட்டிகள் கையில், அவற்றின் சத்தம் பித்தளைக்கடியில் கேட்கவே கேட்காது. பதினாலு பேர் சொல்வது சரியா, ஒருத்தன் சொல்வது சரியா? அவர் விரட்டி அடித்து வாங்கின சாமான்கள் பொய் சொல்லுமா? "பித்தளை மேல நிக்கல, நீ கீழ நிக்க. ஏத்துல" என்றார். எவ்வளவு ஏற்றுவான்? ஊதுவாயை அழுத்தி உள்ளே தள்ளிப் பார்த்தான், உதட்டை இறுக்கிப் பார்த்தான், கால் கட்டை சுருதி கீழேதான் நின்றது. பிறகு ஒரு நாள், இதே அறையில், அந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, ஊதுவாய்க்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற சின்ன மரக்குழாய்த் துண்டைக் கழற்றி, பிளேடால் அறுத்தான். அந்தத் துண்டின் நீளம்தான் சுருதி. குட்டையானால் ஏறும். கருப்பு மரத்தூள் அவன் வேட்டியில் மிளகுப்பொடி மாதிரி விழுந்தது. அறுத்த முனையை உப்புத்தாளில் தேய்த்தான், மாட்டி வாசித்தான், கழற்றித் தேய்த்தான். இன்னாசிமுத்து எதிரே நின்று என்ன சொன்னார்? இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம் தேயி. இன்னும் கொஞ்சம். விலை பேசுகிற அதே குரலில். மரத்திடமும் விலை பேசினார். சுண்டுவிரல் நகம் அளவு போனபிறகும் முழுசாக ஏறவில்லை. மேல் சுரங்கள் ஏறின, கீழ்ச் சுரங்கள் ஏறவில்லை, நடுவில் சில சுரங்கள் தறிகெட்டு ஓடின. நல்ல வாத்தியம் நொண்டியாகிவிட்டது. "போதும், போட்டிக்கு இது போதும்" என்றார்.

பாளையங்கோட்டை மைதானம். மே மாதம். பதினோரு பாண்ட் வந்திருந்தது. தனியாக வாசிக்கிற அந்த இடம் வந்தபோது தனிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டான். யாரும் அப்படி வாசித்து இன்னாசிமுத்து அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நொண்டி வாத்தியத்தை வைத்துக்கொண்டு, எந்தச் சுரம் எங்கே தடுமாறும் என்று உதட்டாலேயே தாங்கித் தாங்கி, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற மாதிரி உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். கடலை விற்கிறவன்கூடக் கரண்டியை நிறுத்தினான். இன்னாசிமுத்து கோலைத் தூக்கினார். பாண்ட் உள்ளே வந்தது. வேட்டி கிழிகிற சத்தம். அப்படித்தான் கேட்டது. கீழே பித்தளை ஒரு தரையில், மேலே கிளாரினெட் வேறு தரையில். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், குழந்தை மாதிரி யாரோ அந்தச் சத்தத்தைத் திருப்பிச் செய்துகாட்டினார்கள். பரிசு இல்லை. வேனுக்குப் பக்கத்தில், இருபத்தெட்டு பேர் சுற்றி நிற்க, தனிஸ்லாஸின் பெண்டாட்டி தூக்குவாளியோடு நிற்க, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவன் மகள், ஏழு வயசு இருக்கும், நிற்க, இன்னாசிமுத்து அவன் கையிலிருந்த பாட்டுத் தாளைப் பிடுங்கினார். "செவிட்டு மூதி. காத வித்துத் தின்னுட்டியால? உனக்கு எதுக்குல கிளாரினெட்டு, கோயில்ல போய் மணி அடி." அவன் காதைத் தொட்டுப் பார்த்தான். காது இருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி. அந்தக் கை. அந்தக் கை காதுக்குப் போனதை மட்டும் யாராவது அழித்துக் கொடுத்தால் போதும், மற்றதை எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று எத்தனை தரம் நினைத்திருக்கிறார். பார், இதிலும் பேரம். அடுத்த வாரம் அவனை மூன்றாம் வரிசைக்குத் தள்ளினார். பாண்டை விட்டுப் போய்விடுவான் என்று நினைத்தார், போகவில்லை. அன்றிலிருந்து இன்னாசி போய் மாஸ்டர் வந்தது. நீ போய் நீங்க வந்தது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, அடுத்தவனுக்குக் கேட்காத அளவுக்கு மெல்ல வாசிக்கக் கற்றுக்கொண்டான்.

அதுவரைக்கும்கூட அது கோபம். கோபம் ஒரு பாவம், ஆனால் சின்னப் பாவம். பாவசங்கீர்த்தனக் கூட்டில் சாமியாரிடம் சொன்னால் மூன்று பரலோக மந்திரத்தில் தீர்ந்துபோகும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு யூஃபோனியத்தில் ஓட்டை விழுந்தது, மதுரைக்கு எடுத்துப்போனார். ரசூல் பாய், பட்டாளத்துப் பாண்டில் வாத்தியம் பழுதுபார்த்து ரிட்டையரானவர். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு தரம் ஊதி, சிரித்தார். "பழைய சுருதி மாஸ்டர் இது. வெள்ளைக்காரன் காலத்துல பாண்ட் எல்லாம் கால் கட்டை மேலதான் வாசிக்கும். அப்புறம் உலகம் பூரா இறக்கிட்டாங்க. இதோட ஒரு பொட்டி இருந்திருக்கணுமே? நீளக் குழாய்ங்க? அதை மாட்டினா புதுச் சுருதிக்கு எறங்கிடும். கம்பெனிக்காரன் சேத்தேதான் குடுப்பான். எங்க அந்தப் பொட்டி?" எங்கே அந்தப் பொட்டி. பாய் சாதாரணமாகத்தான் கேட்டார், டீக்குச் சொல்லிக்கொண்டே. அப்படியானால் பதினாலு பேரும் பொய், ஒருத்தன்தான் நிஜம். அப்படியானால் அறுத்த மரம். அப்படியானால் அந்தக் காது. பஸ்ஸில் வரும்போது மடியில் யூஃபோனியத்தை வைத்துக்கொண்டு, சொல்லிவிடவேண்டும், நாளைக்கே சொல்லிவிடவேண்டும் என்று வந்தார். எட்டயபுரம் தாண்டும்போது, சொன்னால் பையன்கள் என்ன நினைப்பார்கள் என்று வந்தது. ஊர் எல்லையில், சொல்லி மட்டும் என்ன ஆகப்போகிறது, மரம் வளருமா என்று வந்தது. வீட்டு வாசலில், பித்தளையையே மாற்றிவிட்டால் போச்சு என்று முடிந்துபோனது. மாற்றினார். பழசு இத்துப்போச்சு என்றார். புது வாத்தியம், புதுச் சுருதி. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஒத்திகையில் தனிஸ்லாஸ் மட்டும் நடுவில் நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தான். "மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. இப்ப நான் மேல நிக்கேன். முன்ன கீழ நின்னேன், இப்ப மேல நிக்கேன். என் காது எந்தப் பக்கம்தான் போகுதுன்னே தெரியல." அறுத்துக் குட்டையாக்கின வாத்தியம் புதுப் பித்தளைக்கு மேலேதானே நிற்கும். அதைச் சொல்ல ஒரு வரி போதும். இன்னாசிமுத்து சொன்னார், "நூல் சுத்தி வெளிய இழுத்து வச்சுக்கோ" என்று. நூல் சுத்தி. எட்டு வருஷமாக நூல் சுற்றி வாசிக்கிறான். அதுதான் கோபம் இல்லை. கோபமில்லாமல், நிதானமாக, தெரிந்து செய்தது. பத்துக் கட்டளையில் எதில் வரும் இது? பித்தளையின் குற்றத்தைக் கிளாரினெட்காரன் மேல் போட்டேன் சாமி என்று எப்படிச் சொல்வது? சாமி சிரிப்பார். எட்டாம் கட்டளை, பொய்ச்சாட்சி என்று இன்னாசிமுத்துக்குத் தெரியாமல் இல்லை. மறு வருஷம் ரசூல் பாயிடம் சொல்லிப் புதுசாக ஒரு குழாய்த்துண்டு, முழு நீளத்தில், வரவழைத்தார். கிறிஸ்துமஸுக்குக் கொடுத்துவிடலாம் என்று. கொடுத்தால், எதற்கு என்று கேட்பான். இழுப்பறையில் ஏழு கிறிஸ்துமஸ் போய்விட்டது.

மணி நாலே முக்கால் ஆகப்போகிறது. அணில் போல்கா என்று சொல்லிவிடு. ஒரு மூச்சு, முடிந்தது. ரீகன் வாசிப்பான், ஜனம் தட்டும், ஃபாதர் பூரிப்பார், ஒருத்தனுக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இல்லாவிட்டால் அந்தச் சாயங்காலப் புல்வெளியைத் தனிஸ்லாஸுக்குக் கொடு. அறுபது வயசாகிறது, முன்வரிசையில் ஒருநாள் நிற்கட்டும், புண்ணியம். ஆனால் அவன் தாளைப் பார்த்ததும் தெரிந்துகொள்வான். இது செவிடனுக்கும் வாசிக்கவரும் என்று தேடி எடுத்துக் கொடுத்தது என்று தெரிந்துகொள்வான். நன்றி மாஸ்டர் என்பான். அந்த நன்றியை வாங்கி எங்கே வைப்பது? அந்த வலது பக்கத்துப் பாட்டைக் கொடுத்தால்தான் அவனுக்கு அது கொடுத்ததாகும். அதைக் கொடுத்தால் அவன் தொடமாட்டான். தொடவேண்டுமானால் ஏன் என்று சொல்லவேண்டும். சொல்லவேண்டுமானால் பொட்டியில் போய் நிற்கும். எந்த வழியில் நடந்தாலும் அந்த அரை இருட்டு ஸ்டோர் ரூமுக்குள்தான் போய் முட்டியது. ஃபாதர் மட்டும் கேட்கும்படி சொன்னால் என்ன? கடுதாசியில் எழுதினால்? நான் செத்தபிறகு பிரித்துப் பார் என்று? போன் அடித்தது.

"அண்ணாச்சி, இனிமே தாங்காது. பையன் மிஷின்கிட்ட நிக்கான். வாசிக்கிறது ரீகன்னு நானே கோத்துட்டேன், பாட்டுப் பேர மட்டும் சொல்லுங்க."

"எவம்ல சொன்னான் ரீகன்னு?"

"இல்ல... வேற யாரு வாசிப்பா உங்க செட்டுல? அந்த மூணாம் வரிசை செவிட்டுத் தாத்தாவா?" சேர்மக்கனி சிரித்தான்.

இன்னாசிமுத்துக்கு நெற்றிப்பொட்டில் அடித்தது. பத்தொன்பது வருஷம் முன்னால் தான் வீசின சொல் அச்சகம்வரை போய் உட்கார்ந்திருக்கிறதா? "வாய அடக்கு மூதி! எழுது. படகுத்துறை மணி வேரியேஷன்ஸ். கிளாரினெட், தனிஸ்லாஸ். 'ஸ்'ல ஆரம்பிக்காத, 'த'வுல ஆரம்பி. பெருசாப் போடு. என் பேர விடப் பெருசாப் போடு. மாத்துன, அச்சகத்துக்கு வந்து அச்சு அச்சா எடுத்துக் கடல்ல போடுவேன்." போனை வைத்தபிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. மனசாட்சி எட்டு வருஷமாகச் செய்யாததைக் கோபம் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டு மாற்றிவிடலாம். போனைப் பார்த்தார். வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

தனிஸ்லாஸ்தான். அஞ்சரை ஒத்திகைக்கு எப்போதும் அவன்தான் முதலில் வருவான், ஜன்னலோரம் உட்கார்ந்து ஊதுவாயில் வைக்கிற நாணல் சீவலை, ரீடை, நாக்கில் ஊறவைத்துக்கொண்டு வெளியே பார்ப்பான். இன்றைக்கு மேசையைத் தாண்டும்போது நின்றான். ஊதா முத்திரை.

"இது இன்னும் இருக்கா மாஸ்டர்?" என்றான். பிறகு, "ரீகனுக்கா? நல்லா வாசிப்பான். மூணாவதுல மூச்ச மட்டும் மிச்சம் பிடிச்சுக்கச் சொல்லுங்க. அவசரப்படுவான்."

"ரீகன் இல்ல. நீ."

"வெளையாடாதீங்க."

"அச்சுக்குப் போயிட்டு. உன் பேருதான்."

தனிஸ்லாஸின் முகம் வெளுத்தது. "என்ன மாஸ்டர் இது. எத்தன வருஷம் கழிச்சு... எம் மருமகன் வருவான், பேரப்பிள்ள வருவான். அவங்க முன்னாலயுமா?" என்று கேட்டான். கோபமில்லை அதில். இன்னொரு தரம் அடிக்கப்போகிறாயா என்று கேட்கிற குரல்.

இன்னாசிமுத்து இழுப்பறையை இழுத்தார், செய்தித்தாள் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார், வைத்ததும் வாய் திறந்துகொண்டது. எதை முதலில் சொன்னார், எதைக் கடைசியில் சொன்னார் என்று பிறகு யோசித்தால் அவருக்கே பிடிபடவில்லை. ரசூல் பாய், பழைய சுருதி, பச்சைத் துணி, கழிச்சுட்டுச் சொல்லுங்க என்றது, எட்டயபுரம் தாண்டினது, நூல் சுற்றச் சொன்னது. உன் காது சரி தனிஸ்லாஸ், அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி, பித்தளைதான் தப்பு. சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. அடிப்பான் என்று நினைத்தார். அடித்தால் நல்லது, அடித்தால் கொஞ்சம் கழியும்.

தனிஸ்லாஸ் அடிக்கவில்லை. தன் வாத்தியத்திலிருந்து அறுத்த துண்டைக் கழற்றி, நூலைப் பிரித்து, சுருளிலிருந்த புதுசையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் மேசைமேல் நிறுத்தினான். சுண்டுவிரல் நகம் அளவு வித்தியாசம்.

"எம் மக ரோசிட்டா பாட்டுப் படிக்கணும்னு கேட்டா" என்றான், துண்டிடம் சொல்வதுபோல. "எட்டு வயசுல. நீங்களே சொல்லிக் குடுங்கப்பான்னு. என் காது கெட்ட காது, உனக்கும் தப்பாச் சொல்லிக் குடுத்துருவேன்னு சொன்னேன். ரெண்டு நாள் அழுதா. அப்புறம் கேக்கல. பேரன் இப்ப பாடுனாகூட, சரியாப் பாடுதானா தப்பாப் பாடுதானான்னு... நல்லா இருக்குன்னு சொல்லமாட்டேன். தெரியாத ஆளு எதுக்குச் சொல்லணும்னு."

ஒரு மரத்துண்டு, ஒரு நாற்காலி, ஒரு மைதானம், இவ்வளவுதான் இத்தனை வருஷமும் இன்னாசிமுத்து கணக்கில் வைத்திருந்தார். அந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையை அவர் எண்ணவே இல்லை. வாத்தியத்துக்கு முழு நீளத்தில் துண்டு வாங்கலாம். அதற்கு எந்தக் கடையில் வாங்குவது?

"வாசிப்பியால?" என்று கேட்டார்.

"அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க" என்றான் தனிஸ்லாஸ். "இதையும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. வாசிக்கேன்."

உடனே உள்ளே அந்தப் பழைய யந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் என்றால் அன்றைக்கு இருந்தவர்கள், அவர்களில் இப்போது மிச்சம் ஆறு பேர், ஆறு பேரைத் தனியாகக் கூப்பிட்டு. அல்லது கச்சேரி முடியட்டும், அப்புறம் சொல்கிறேன். அல்லது ஃபாதரை விட்டுச் சொல்லச் சொல்கிறேன், அவர் நன்றாகச் சொல்வார். நாக்கு நுனிவரை வந்தது. எதிராளி எங்கே கண்ணைத் தாழ்த்துகிறான் என்று வழக்கம்போலப் பார்த்தார். தனிஸ்லாஸ் கண்ணைத் தாழ்த்தவில்லை. அதற்குள் வாசலில் சைக்கிள் சாய்கிற சத்தம், பையன்கள் வந்துகொண்டிருந்தார்கள், ரீகன் உரக்க எதற்கோ சிரித்தான், நாற்காலிகள் இழுபட்டன, டிரம்காரன் தோலைத் தட்டிப் பார்த்தான். தனிஸ்லாஸ் மூன்றாம் வரிசையில் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, இரண்டு துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டான். எதையும் மாட்டவில்லை.

வழக்கப்படி யூஃபோனியம்காரன் சுருதி கொடுக்கத் தயாராக வாத்தியத்தைத் தூக்கினான். இன்னாசிமுத்து கோலை எடுக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "பாளையங்கோட்டைப் போட்டியில..." என்று ஆரம்பித்தார்.

ட்ராம்போன் வரிசையில் ஒருத்தன் இளித்தான். "செவிட்டுக் கதையா மாஸ்டர்? சொல்லுங்க, புதுப் பையங்க கேக்கல." நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எவ்வளவு பழகின சிரிப்பு என்று அவர் அன்றைக்குத்தான் கேட்டார். இந்த அறையில், இவர் காதுபடவே, எத்தனை தரம் ஓடியிருக்கும் அந்தக் கதை, மூன்றாம் வரிசையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே.

"சிரிக்காதீங்கல!" சுவரில் தொங்கின வாத்தியங்கள் அதிர்ந்தன. அறை அடங்கியது. "அன்னைக்குத் தப்பு தனிஸ்லாஸ்கிட்ட இல்ல. தப்பு பித்தளைகிட்ட. பித்தள கால் கட்டை மேல நின்னுது. இவன் சரியா நின்னான். அத வாங்குனது நான். எட்டு வருஷமா எனக்குத் தெரியும்." ரீகன் மெல்லத் திரும்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தான். சொல்லியாகிவிட்டது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. போதும் என்று நினைத்தார், இது போதும், தெரியாமல் வாங்கினவன், ஏமாந்தவன், அவ்வளவுதான், இதில் நின்றுகொள்ளலாம். கோலை எடுக்கக் கையை நீட்டினார்.

"பொட்டியையும் சொல்லு, இன்னாசி."

மூன்றாம் வரிசையிலிருந்து, மெல்லத்தான் சொன்னான். ஆனால் கடைசிச் சுவர்வரை கேட்டது. பத்தொன்பது வருஷம் கழித்துத் தன் பேரை அந்தக் குரலில் கேட்டவர், நீட்டின கையை இழுத்துக்கொண்டார். முப்பத்தொரு முகங்கள் எதிரே. பேரம் பேச இன்னும் இடம் இருந்தது. எப்போதும் இருக்கும்.

"ஒரு மரப்பொட்டி" என்றார் இன்னாசிமுத்து. "உள்ள பச்சைத் துணி."